நைனாவை இடம் மாற்றிய வருடம்

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகம் என் அண்ணனுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க முடிவு செய்தபோது, அதையொட்டி ஒரு மலரும் போட்டார்கள். மலர்க்குழுவிலிருந்து ஒரு பேராசிரியர் சித்தூரில் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். "சார் சின்ன வயசுல எவ்வளவு கஷ்டப்பட்டாருன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்கம்மா. தெருவிளக்கு வெளிச்சத்துல படிச்சாருன்னு கேள்விப்பட்டோம்" என்றார்.

நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தது. அண்ணன் படித்தது மின்விசிறிக்கு நேர் கீழே. அவன் படிக்கும்போது அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது நைனாவின் உத்தரவு. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நானும் அம்மாவும் சமையலறையில் வியர்த்துக்கொண்டு இருப்போம். இதை அப்படியே எழுதி அனுப்பினேன். மலர் வந்தபோது என் பக்கத்தைக் காணோம். அந்த இடத்தில் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கும் படம் மட்டும் இருந்தது. கீழே, 'அன்புத் தங்கையுடன்'.

சரி, அவர்களுக்கு வேண்டாமென்றால் இருக்கட்டும். நடந்ததை நான் சொல்கிறேன்.

எங்கள் நைனா பாகாலா ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. தினமும் சித்தூரிலிருந்து பாசஞ்சரில் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் காணிக்கைப் பை பிடிப்பார். மிஷன் காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் அந்தச் சபைதான். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா இறந்துபோனாள். ஊர் எல்லையில் பெரிய ரோட்டோரம் இருந்த சபைக் கல்லறைத் தோட்டத்தில், வெள்ளைக்காரப் பாதிரிமார்களின் சாய்ந்துபோன கற்களுக்குப் பின்னால், அவளை அடக்கம் செய்தோம்.

அண்ணன் சென்னையில் படித்து, பரீட்சை எழுதி, வெளிநாட்டுத் தூதரக வேலைக்குத் தேர்வானான். நானும் சென்னைக்குப் போய் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டேன். "ஒருத்தன் போனது போதும், நீயும் போய்ட்டா எனக்கு சோறு யாரு போடுவா?" என்றார் நைனா. அதனால் தினமும் போய் வரக்கூடிய திருப்பதியில், இடம் கிடைத்த தெலுங்கு எம்.ஏ.வில் சேர்ந்தேன். வீட்டில் தமிழ் பேசும் பெண், சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தெலுங்கு டீச்சரானாள். ஓய்வு பெறும் வரைக்கும் அதே பள்ளிக்கூடம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் நைனாவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது. பேச்சு நின்றுவிடும். கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும்.

அண்ணன் நாடு நாடாகப் போனான். கிறிஸ்துமஸுக்கு போன் வரும். நைனா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுதான் பேசுவார். பேசி முடித்ததும் தெருவில் இறங்கி, "எம்புள்ள இப்ப பனி பேயற ஊர்ல கீறான்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டு வருவார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகும் அந்தப் போனுக்காகத் தன்னைத் தூக்கி உட்கார வைக்கும்படி என்னிடம் சொல்வார். அண்ணன் ஒவ்வொரு தடவையும் என்னிடம், "பெஸ்ட் டாக்டர்கிட்ட காட்டு பாப்பா" என்பான். அந்த டாக்டரிடம் அவரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது யார் என்று அவன் கேட்டதில்லை.

நைனா இறந்தபோது அவன் வந்துசேரத் தாமதமாயிற்று. ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் காத்திருந்தோம். அவன் வந்தான். குழிமேட்டில் நின்று, தன்னை உலகத்துக்குக் கொடுத்த தகப்பனைப் பற்றி இங்கிலீஷில் பேசினான். பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரியாதவர்களும் அழுதார்கள். அம்மாவுக்குப் பக்கத்திலேயே நைனாவை வைத்தோம். திரும்பி வரும்போது சபை மக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தா இப்படி ஒரு புள்ளய பெக்கணும்" என்றார்கள். நைனாவுக்குக் கடைசி வரை மலம் வாரிய கை அது. பிடித்தவர்களுக்கு அது தெரியும். இருந்தும் அப்படித்தான் சொன்னார்கள்.

சில வருஷம் கழித்து, ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கும்போதே, வேலையை விட்டுவிட்டு அண்ணன் அரசியலுக்கு வந்தான். அண்ணி டெல்லியிலேயே இருந்துவிட்டாள். சித்தூர் வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு பெரிய கட்சி அவனுக்கு எங்கள் ஊரிலேயே தேர்தலில் நிற்க இடம் கொடுத்தது. வீட்டுக்கு வந்து, நைனாவின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னான்.

"பாப்பா, என் தெலுங்கு துருப்பிடிச்சுப் போச்சு. தமிழே தடுமாறுது. நீ என்கூட வரணும்."

"ஸ்கூலு?"

"லீவு போடு. நான் ஜெயிச்சா ஊருக்கு நல்லதுதானே?"

சம்பளமில்லாத லீவு போட்டேன். காலை முதல் ராத்திரி வரை திறந்த ஜீப்பில் அவன் பக்கத்தில் நின்றேன். அவன் மைக்கில், "அடிப்படைக் கட்டமைப்புக்கு முன்னுரிமை" என்பான். நான் தெலுங்கில், "குழாயில் தண்ணீர் வரும், பஸ் உங்கள் ஊருக்குள் வரும்" என்பேன். அவன் சொன்னதற்குக் கை தட்டமாட்டார்கள். நான் சொன்னதற்குத் தட்டுவார்கள். தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று அவன் கும்பிடுவான். வீட்டில் நீ, வா, போ என்று பேசிய அண்ணனை அந்த ஜீப்பில்தான் முதன்முதலாக 'நீங்க' என்றேன். பிறகு அதிலிருந்து இறங்க முடியவில்லை.

எங்கள் சபையில் அப்போது ஒரே பேச்சுதான். பெரிய ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், கல்லறைத் தோட்டம் போய்விடும் என்று அளந்து கல் நட்டிருந்தார்கள். சபைத் தெருவில் பிரசாரத்துக்குப் போனபோது ஒரு வயதான அம்மாள் ஜீப்பை மறித்து நின்றார். இளம் வயதிலேயே கணவனையும், பிறகு ஒரே மகனையும் அந்தத் தோட்டத்தில் புதைத்தவர். ஞாயிறு தோறும் எனக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்.

"எங்க கல்லறைய காப்பாத்துவாரா உங்கண்ணன்? அத சொல்லச் சொல்லு. ஓட்டு போட்றேன்" என்றார் என்னிடம்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அந்தத் தேர்தலில் அவன் என் உதவியில்லாமல், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் தமிழில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"எங்கம்மாவும் எங்க நைனாவும் அங்கதான் படுத்துக்கினு கீறாங்க. அந்த மண்ணத் தொடணும்னா மொதல்ல என்னைத் தொடணும்."

எங்கள் வீட்டுத் தமிழ் அவன் வாயில் அப்படியே வந்தது. தெருவே கை தட்டியது. நான் அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எங்கள் ஜனங்கள் ஒருவர் விடாமல் போட்டார்கள். அவன் ஜெயித்தான். அடுத்து அமைந்த மந்திரிசபையிலேயே மந்திரியும் ஆனான்.

மந்திரி சித்தூருக்கு வருவது குறைந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்களைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு வருவான், விருந்தினர் மாளிகையில் தங்குவான், அங்கிருந்தே கிளம்பிவிடுவான். நான் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய், மனு கொடுக்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவனுடைய உதவியாளர் நல்ல பையன்தான். "அம்மா, சார் மீட்டிங்ல இருக்காரு, காபி துன்றீங்களா, டிபன் சொல்லட்டுமா?" என்று பதறுவான். காபியைத் துன்ன முடியாது என்று அவனுக்குச் சொல்லத் தோன்றும். தெலுங்கு வீட்டுப் பையன், எனக்காகத் தமிழ் பேசிப் பார்க்கிறான். சிரித்துவிட்டு விடுவேன்.

ஒரு தடவை அண்ணன் சென்னை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டான். "வடமாலபேட்டை வரைக்கும் வா, பேசிக்கிட்டே போலாம். அங்கேருந்து ஒரு வண்டி உன்ன கொண்டுபோய் விடும்" என்றான். திருச்சானூர் தாண்டும் வரை போனில் இருந்தான். அதன் பிறகு பேசினேன்.

"அண்ணா, கல்லறைத் தோட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. நாமளே எடுத்துக்கினு போணுமாம். இல்லன்னா அவங்க தோண்டுவாங்களாம்."

"ம்."

"எதிர்ப்பக்கம் காலி நெலம் கீது. ரோட்ட அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளினா போதும்னு பாஸ்டர் ஐயா சொல்றாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

"எதிர்ப்பக்கம் யாரோட நிலம்னு தெரியுமா பாப்பா?"

தெரியும். அவனுக்காக ஜீப் கொடுத்தவருடைய நிலம்.

"பேசறேன். ரெண்டு பக்கமும் ஒத்துக்கற மாதிரி ஒரு வழி இருக்கும். அவசரப்படக் கூடாது. பார்க்கலாம்."

என் அண்ணன் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. இத்தனை வருஷம் அவன் பார்த்த வேலையில் அந்த வார்த்தையைத்தான் மறக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முடியாது என்று சொல்கிறவனிடம் சண்டை போடலாம், அழலாம், வேறு ஆளைத் தேடிப் போகலாம். பார்க்கலாம் என்கிறவனிடம் நன்றி சொல்லிவிட்டு வடமாலபேட்டையில் இறங்க வேண்டியதுதான். இறங்கினேன். வண்டி வரவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன்.

அடுத்து வந்தது கல்லறைச் செய்தி இல்லை. நாடுகளுக்கு நடுவே ஓடும் ஆறுகளைப் பற்றிய சண்டைகளைப் பேசித் தீர்க்கிற ஒரு சர்வதேச அலுவலகத்துக்கு அவன் தலைவராகத் தேர்வாகிவிட்டான். பதவியையும் தொகுதியையும் விட்டுவிட்டு வெளிநாடு போகிறான். நான் இதை டி.வி.யில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பேரம் பேச வரும் இரண்டு நாட்டுக்காரர்களும் அவனை நம்புகிறார்கள் என்று செய்தி வாசிக்கிற பெண் சொன்னாள். ஊரில் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு சரம் கொளுத்திவிட்டுப் போனார்கள். அந்தத் தாள்களை நான் கூட்டித் தள்ளினேன்.

அதே மழைக்காலத்துக்குள் தோண்ட வந்துவிட்டார்கள்.

காலையிலேயே சபை முழுவதும் தோட்டத்தில் நின்றது. பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணினார். பழைய பாதிரிமார் கல்லறைகளை இயந்திரம் வைத்து எடுத்தார்கள். எங்கள் ஆட்களுடையதை மண்வெட்டியால். அம்மாவுடைய குழியில் கிடைத்தது கொஞ்சந்தான். அவள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நைனா அப்படி இல்லை. ரயில்வே பெல்ட்டின் பித்தளை வளையம் பச்சை பூத்துக் கிடந்தது. அடக்கத்தன்று நான்தான் அவருக்கு அந்த பெல்ட்டைக் கட்டி அனுப்பியவள். தோண்டியவர், "அம்மா, நீங்க அந்தாண்ட போங்க, பாக்காதீங்க" என்றார். போகவில்லை. வேறு யார் பார்ப்பது?

அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒரு வெளிநாட்டுப் பெண் எடுத்தாள். கூட்டத்தில் இருக்கிறார் என்றாள். என்ன விஷயம் என்று கேட்டாள். எங்கள் தகப்பனார் விஷயம் என்றேன். "உடம்பு சரியில்லையா?" என்றாள் இரக்கத்தோடு. நான் என்ன சொல்வது? இல்லை என்று சொல்லி வைத்துவிட்டு, நைனாவைத் தோண்டி எடுக்கிறார்கள் என்று அவனுக்கே ஒரு மெசேஜ் அனுப்பினேன். மாலையில் அவனிடமிருந்து இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தது. மனதால் என்னோடு இருக்கிறானாம், தைரியமாக இருக்க வேண்டுமாம்.

சின்னச் சின்ன மரப்பெட்டிகள். ஒரு டெம்போவில் அடுக்கி, ஊருக்கு வெளியே குன்றடியில் கொடுத்த புது நிலத்துக்குக் கொண்டுபோனோம். முழுக்கப் பாறை. ஆழம் எடுக்க முடியவில்லை. நைனாவையும் அம்மாவையும் ஒரே குழியில் வைத்தோம்.

ஜீப்பை மறித்த அந்த அம்மாள் கணவனையும் மகனையும் வைத்து மூடிவிட்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"உங்கண்ணன யாருக்கும்மா தெரியும்? அவரு எப்பவோ போனவரு. உன் மூஞ்சியப் பாத்துத்தான் போட்டோம்" என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எனக்கு முன்வரிசையில் உட்காருவதில்லை. மறுபக்கம் போய்விட்டார்.

பட்டமளிப்புக்காக அண்ணன் திருப்பதி வந்தது இதற்குப் பிறகு. அவனுடைய வாழ்க்கையைப் பற்றிப் படம் எடுக்க ஒரு வெளிநாட்டுக் குழுவும் கூட வந்தது. பெற்றோர் கல்லறையில் பூ வைப்பதை எடுக்க வேண்டும், குடும்பத்தார் வந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். எந்தக் கல்லறை என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கார்கள் சித்தூருக்குள் நுழைவதற்கு முன்னால் பெரிய ரோட்டில் நின்றன. அவன் தலை நரைத்து, அழகாக, கையில் வெள்ளைப் பூவளையத்தோடு இறங்கினான். இரண்டு பக்கமும் பார்த்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"இங்கதானே பாப்பா?"

"இங்கதான் இருந்துது."

"நைனா எங்க?"

"நீங்க நிக்கற எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. அந்த லாரி போச்சே, அங்க. இப்ப இல்ல. எடுத்துட்டாங்க."

அவன் முகம் மாறியது. "என்கிட்ட யாரும் சொல்லலையே."

"நான் சொன்னேன்."

"நீ சொன்ன. அது வேற. அஃபிஷியலா எனக்கு எதுவும் வரல."

லாரிச் சத்தத்தில் சரியாகக் கேட்டேனா என்று எனக்குச் சந்தேகம். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. புது இடம் எவ்வளவு தூரம் என்று படக்குழுக்காரர் கேட்டார். குன்றடிக்குப் போகிற பாதையில் இந்தக் கார்கள் போகாது, நடக்க வேண்டும் என்றேன். விழாவுக்கு நேரமாகிவிடும் என்று அவனோடு வந்தவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். கடைசியில் ரோட்டோரப் புளியமரத்தடியில் பூவளையத்தை வைக்கச் சொல்லி எடுத்தார்கள். அண்ணன் தலை குனிந்து நின்றான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நடிக்கவில்லை. எனக்கு அவனைத் தெரியும், அது உண்மையான அழுகை. நெஞ்சு ஆறாமல் இருப்பதும் அதனால்தான். பொய்யாக அழுதிருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சாயங்காலம் திருப்பதியில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவன் பேச்சில் பாகாலா வந்தது. எல்லாத் திசையிலிருந்தும் வருகிற ரயில்கள் ஒரே தண்டவாளத்தை எப்படிச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்கின்றன பார் என்று தன் தகப்பனார் சொல்லிக்கொடுத்தாராம். ஆறுகளைப் பற்றிய தன் வேலைக்கு அதுதான் பாலபாடமாம். நைனா மாங்காய்க் கூடை எண்ணிக் கட்டுப்போட்டவர். பாகாலாவைப் பற்றி அவர் வீட்டில் சொன்னதெல்லாம் கொசுவும், மேலதிகாரியும். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. எல்லாரும் எழுந்ததால் நானும் எழுந்தேன்.

விருந்தில் என் தட்டில் அவனே பரிமாறினான். "உனக்கு நான் ஒண்ணுமே செய்யல பாப்பா. எதாவது கேளேன்" என்றான்.

"நாளைக்குக் காலைல என்கூட வா. கேமராக்காரங்க வேணாம். நீயும் நானும் போய்ட்டு வந்துரலாம்" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு 'நீ' என்றேன்.

அவன் என் தோளைத் தட்டினான். "பார்க்கலாம்" என்றான். விடிவதற்குள் அவனுடைய விமானம் கிளம்பிவிட்டது என்று ஹோட்டல் வரவேற்பில் சொன்னார்கள். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்தார். அண்ணன் குன்றடித் தோட்டத்துக்கு இரும்பு கேட் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறான், தூணில் அவன் பெயரைப் பளிங்கில் பொறித்தாயிற்று, திறப்பு விழாவில் தங்கச்சி என்ற முறையில் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

"மாட்டேன் ஐயா" என்றேன்.

"வாழ்த்தியாவது ஒரு வார்த்த..."

"அவருக்காக நான் பேசினது போதும்."

அவர் வருத்தப்பட்டுக்கொண்டு போனார். விழா நடந்தது. அண்ணனுடைய வாழ்த்துச் செய்தியை யாரோ வாசித்தார்களாம். தங்கச்சிக்குப் பொறாமை என்று சபையில் சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். பேசட்டும்.

தோட்டத்துக்குக் கேட் வந்ததே தவிர, சுற்றுச்சுவர் இன்னும் முன்பக்கம் மட்டுந்தான் எழும்பியிருக்கிறது. பின்பக்கம் முள்ளும் பாறையுமாகத் திறந்து கிடக்கிறது. நைனாவையும் அம்மாவையும் பார்க்க நான் அந்தப் பக்கமாகத்தான் ஏறிப் போகிறேன்.